ஊட்டிக் கிழங்குக்கு ஒரு தங்க வில்லி!

ஹாஸ்டல் மெஸ்ஸில் வாரத்துக்கு எத்தனை முறை உருளைக்கிழங்கு வருகிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்களேன். பூரிக்கு மசால், தயிர் சாதத்துக்குப் பொரியல், குருமாவில் நாலு துண்டு, சாயங்காலம் கேன்டீனில் சமோசா, நைட் ஷோவுக்குப் போனால் சிப்ஸ்... சொந்த மாமா பையனைக் கூட நீங்கள் இத்தனை தடவை சந்தித்திருக்க மாட்டீர்கள்!

அந்த உருளைக்கு ஒரு ஜென்ம விரோதி இருக்கிறாள். ஆமாம், 'இருக்கிறாள்'தான். வில்லன் இல்லை, வில்லி. உயரம் அரை மில்லிமீட்டர். ஊசித் தலை சைஸ். உருண்டை உடம்பு, தங்க நிறம். கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனால் இந்த அம்மணி ஒரு வயலில் குடியேறிவிட்டால், தாத்தா காலத்தில் வந்தவளைப் பேரன் காலத்திலும் முழுசாக விரட்ட முடியாது. உதகமண்டலத்து விவசாயிகளைக் கேளுங்கள். 1961-லிருந்து மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

பெயர்? முட்டைக்கூடு நூற்புழு. தங்க நூற்புழு என்பது செல்லப் பெயர். சயின்ஸ் குரூப் மக்களுக்கு: குளோபோடெரா ராஸ்டோகியென்சிஸ். இவளுக்கு ஒரு வெள்ளைத் தங்கச்சியும் உண்டு, குளோபோடெரா பாலிடா. தங்கச்சி கதை பின்னாடி வருகிறது. அவள்தான் ஆபத்தானவள்!

செத்தும் கொடுக்கும் முட்டை

முதலில் இவள் எப்படி வேலை பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். த்ரில்லர் படம் தோற்றுப் போகும்.

மண்ணுக்குள் ஒரு சின்ன உருண்டை கிடக்கிறது. அது செத்துப்போன பெண் புழுவின் உடம்பு. அவள் உயிரோடு இருந்தபோது மெத்தென்று இருந்த தோல், இறந்த பிறகு பதப்படுத்திய தோல் மாதிரி இறுகி, பழுப்பு நிறமாகிவிட்டது. உள்ளே 200 முதல் 500 முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் சுருண்டு தூங்கும் ஒரு குட்டிப் புழு. அம்மாவின் உடம்பே குழந்தைகளுக்கு லாக்கர்! வெயில், பனி, வறட்சி, பூச்சிமருந்து எதுவும் லேசில் உள்ளே போகாது. 20 வருஷம், அதற்கு மேலும் கூட இந்த முட்டைகள் உயிரோடு கிடக்கும்.

சரி, எப்போது எழுந்திருக்கும்? அங்கேதான் மேட்டர்.

மேலே விவசாயி உருளைக்கிழங்கு நடுகிறார். முளைவிட்டு வேர் இறங்குகிறது. வேரிலிருந்து சில வேதிப்பொருட்கள் மண்ணில் கசிகின்றன. அந்த வாசனை முட்டையைத் தொட்டதும், 'சாப்பாடு ரெடி' என்று மெஸ் பெல் அடித்த மாதிரி குட்டிகள் விழித்துக்கொள்ளும். கத்திரியோ தக்காளியோ வந்தாலும் ஓ.கே., அவையும் உருளையின் சொந்தக்காரர்கள்தானே! ஆனால் மேலே முட்டைக்கோஸ் நட்டிருந்தால் பெரும்பாலான குட்டிகள் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடும். அந்த வாசனைப் பொருட்களில் ஒன்றுக்கு சோலனோஎக்லெபின் என்று பெயர். கிராமில் கோடியில் ஒரு பங்கு போதும், வேலை நடக்கும். 2011-ல் ஜப்பானிய வேதியியல் ஆட்கள் இதை லேபில் முழுசாகவே தயாரித்துக் காட்டினார்கள். எதற்கு என்று கேட்கிறீர்களா? வயலில் கிழங்கே இல்லாதபோது இதைத் தெளித்தால் புழு ஏமாந்து வெளியே வரும், சாப்பாடு கிடைக்காமல் சாகும். ஐடியா சூப்பர். கட்டுப்படியாகும் விலையில், ஏக்கர் கணக்கில் தெளிக்கிற அளவுக்கு அதைத் தயாரிப்பதுதான் பெரிய தலைவலி!

வெளியே வந்த குட்டி, ஊசி போன்ற வாய்க்குழலால் வேரைத் துளைத்து உள்ளே நுழையும். பிடித்தமான ஒரு செல்லைப் பார்த்து ஒரு ஊசி போடும். மருந்து இல்லை, தன் எச்சிலில் இருக்கும் புரதங்கள். அந்தச் செல் கிறுகிறுத்துப் போய், பக்கத்துச் செல்களோடு சுவரை உடைத்துக்கொண்டு ஒன்றாகும். அப்புறம் அதற்கடுத்த செல்... இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் சேர்ந்து ஒரே மாபெரும் சமையலறை! செடி தன் சத்தையெல்லாம் அங்கே கொண்டுவந்து கொட்டும். புழு ஒரே இடத்தில் உட்கார்ந்து உறிஞ்சும். மண்ணுக்கு மேலே? செடி மஞ்சளடித்து, குட்டையாகி, மத்தியான வெயிலில் வாடி நிற்கும். கிழங்கு கோலிக்குண்டு சைஸில் வரும்.

ஒரு விஷயத்தை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கிளைமாக்ஸுக்குத் தேவைப்படும். இந்தக் குட்டி பிறக்கும்போது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. சாப்பாட்டைப் பொறுத்துத்தான் முடிவாகிறது. வயிறாரக் கிடைத்தால் பெண். அரைகுறையாகக் கிடைத்தால் ஆண். ஆண் புழு மெலிந்து, வேரை விட்டு வெளியேறி, ஜோடி தேடி அலைந்து முடிந்துவிடும். (சிரிக்காதீங்க பாஸ்!) பெண்தான் உருண்டையாகப் பெருத்து, வேரைப் பிய்த்துக்கொண்டு வெளியே தெரிவாள். முதலில் வெள்ளை, அப்புறம் தங்கம், செத்ததும் பழுப்பு. மறுபடி ஒரு லாக்கர் ரெடி.

ஊட்டிக்கு எப்படி வந்தாள்?

இவளுக்குச் சொந்த ஊர் ஆண்டிஸ் மலை. உருளைக்கிழங்கு பிறந்த அதே தென் அமெரிக்கா. அங்கே கிழங்கும் புழுவும் ஆயிரமாயிரம் வருடமாகச் சண்டை போட்டு, ஒருவருக்கொருவர் பழகிப்போனவர்கள். 1840-களில் அயர்லாந்தில் கருகல் நோய் வந்து கிழங்கு அழுகி, பெரும் பஞ்சம் வந்தது இல்லையா? அதற்குப் பிறகு, நோயைத் தாங்கும் கிழங்கைத் தேடி ஐரோப்பியர்கள் ஆண்டிஸிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு இந்த அம்மணியும் டிக்கெட் வாங்காமல் கப்பலேறியிருக்க வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. ஒரு வியாதிக்கு மருந்து தேடப்போய் இன்னொரு வியாதி! ஜெர்மனியின் ராஸ்டாக் ஊர்ப்பெயர்தான் இவள் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1941-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் கண்டுபிடித்தார்கள்.

நம் நீலகிரிக்கு உருளையைக் கொண்டுவந்த பெருமை கலெக்டர் ஜான் சல்லிவனுக்கு. 1820-களில் ஊட்டியில் இங்கிலீஷ் காய்கறிகளை நட்டுப் பார்த்தார் மனுஷர். மலை மண்ணுக்கும் குளிருக்கும் உருளை பிய்த்துக்கொண்டு வந்தது. படுகர் மக்களின் வயல்களில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று வருடம் முழுக்க கிழங்குதான். யோசித்துப் பாருங்கள், புழுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வருஷம் பூரா ஓபனாக இருக்கும் மெஸ்!

1961-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நூற்புழு நிபுணர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ், ஊட்டி விஜயநகரம் பகுதியில் ஒரு வயலில் வேரைப் பிடுங்கிப் பார்த்தார். தங்கமாக மின்னியது. இந்தியாவில் முதல் முறை! அவள் வந்து எத்தனை வருஷமாகியிருக்கும் என்பது வேறு கதை. ஏனென்றால் இவள் ஒரு வயலில் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெருகுவதற்கே பல வருடங்கள் ஆகும். தேடித் தேடிப் பார்த்ததில் வெள்ளைத் தங்கச்சியும் கூடவே இருப்பது தெரிந்தது. பல வயல்களில் இரண்டு பேரும் ஒரே வேரில்!

1971-ல் தமிழக அரசு தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது. சாப்பாட்டுக் கிழங்கு போகலாம், நடுவதற்குப் போகக்கூடாது. விதைக்கிழங்கு விற்றுப் பிழைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே மருந்து. மண்ணில் குருணை மருந்தைப் போட்டுப் புழுவைக் கொல்லும் திட்டங்கள் நடந்தன. குறைந்தது, ஒழியவில்லை. முட்டை லாக்கருக்குள் பத்திரமாக இருக்கிறதே! தவிர, நீலகிரி மண்ணில் போடுகிற எதுவும் மழையோடு கீழே இறங்கும். மலையின் தண்ணீர் பவானிக்கும் மாயாறுக்கும் போகிறது. அதைத்தான் கீழே கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் குடிக்கிறார்கள். அதாவது, நம்மில் பலர்!

"சரி, உருளையே நடாமல் விட்டால் என்ன?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நல்ல கேள்வி. குளிர் நாடுகளில் கிழங்கு நடாத வயலில் புழு வருடத்துக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. கால்குலேட்டரைத் தட்டுங்கள். 100 முட்டை, அடுத்த வருடம் 67, அப்புறம் 44, 30, 20, 13... ஆறு வருடம் கழித்தும் 9 மிச்சம். ஏழாவது வருடம் ஆசையாகக் கிழங்கு நட்டால், ஒரு முட்டைக்குப் பதில் நூற்றுக்கணக்கில் வட்டியோடு திரும்பி வரும். நம்ம மலையில் மண் அவ்வளவு உறைவதில்லை என்பதால் இதைவிட வேகமாகக் குறையலாம். ஆனாலும் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியை ஆறு வருஷம் கிழங்கை மற என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

எலன்பி தேடிய கிழங்கு

இங்கேதான் ஹீரோ என்ட்ரி.

இங்கிலாந்தின் நியூகாஸிலில் எலன்பி என்று ஒரு விலங்கியல் ஆசிரியர். அவர் யோசித்தது சிம்பிள். ஆண்டிஸ் மலையில் புழுவும் கிழங்கும் இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன என்றால், அங்கே ஏதாவது ஒரு கிழங்கு இதை ஜெயிக்கக் கற்றிருக்க வேண்டுமே? நல்லவேளையாக, 1938-39-ல் பிரிட்டிஷ் தாவரவியல்காரர்கள் தென் அமெரிக்கா முழுக்கச் சுற்றி காட்டுக்கிழங்குகளையும் நாட்டுக்கிழங்குகளையும் சேகரித்து வைத்திருந்தார்கள். அதில் ஜாக் ஹாக்ஸ் என்ற இளைஞர் இருந்தார், அப்போதுதான் டிகிரி முடித்த வயசு. ஊர் சுற்றியதில் கிடைத்த அந்தச் சேகரிப்பு இன்றும் ஸ்காட்லாந்தில் டண்டி பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

எலன்பி அந்தச் சேகரிப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, புழு நிறைந்த மண்ணில் நட்டார். வேரைக் கழுவினார், எண்ணினார். மறுபடி நட்டார். பொறுமைக்கு ஒரு பாரத ரத்னா உண்டென்றால் இவருக்கே கொடுக்கலாம். நூற்றுக்கணக்கில் சோதித்ததில் தேறியவை மிகச் சில. 1952-ல் அறிவித்தார். அதில் ஒன்றுக்கு சேகரிப்புப் பட்டியலில் இருந்த நம்பர் 1673. வேரில் ஒரு தங்க உருண்டைகூட இல்லை!

எப்படி? புழு உள்ளே நுழையாமல் தடுத்ததா? அதான் இல்லை. புழு வழக்கம்போல வாசனை பிடித்து வந்தது, துளைத்தது, ஊசி போட்டது. செல்கள் ஒன்று சேர ஆரம்பித்தன. அதற்குள் செடி 'டேய், இது வெளி ஆள்' என்று கண்டுபிடித்துவிட்டது. சமையலறையைச் சுற்றியிருக்கும் செல்களைத் தானே கொன்றுவிட்டது! கேஸ் கனெக்ஷன் கட், தண்ணீர் கட். புழுவுக்கு அரை வயிறு, கால் வயிறு. இப்போது முன்னால் சொன்னதை ஞாபகப்படுத்துங்கள். சாப்பாடு குறைந்தால் என்ன ஆகும்? ஆணாகும். பெண்ணே இல்லை என்றால் முட்டையும் இல்லை, லாக்கரும் இல்லை. வம்சம் க்ளோஸ்!

மருந்து தெளித்தால் கூட இவ்வளவு சுத்தமாக நடக்காது. அதோடு இந்தச் செடி சும்மா தடுப்பதோடு நிற்பதில்லை. வாசனை காட்டி முட்டைகளை வெளியே அழைத்துவந்து பட்டினி போடுகிறது. சும்மா கிடக்கும் நிலத்தைவிட எதிர்ப்பு ரகம் நட்ட நிலத்தில் புழு வேகமாகக் குறைவது இதனால்தான். கிழங்கும் கிடைக்கும், புழுவும் குறையும். இதற்குக் காரணமான மரபணுவுக்கு ஹெச்-1 என்று பெயர் வைத்தார்கள். உருளையின் ஐந்தாம் நம்பர் குரோமோசோமில் இருக்கிறது.

செடி எப்படி ஆளை அடையாளம் பிடிக்கிறது என்பது இன்னும் சுவாரஸ்யம். புழுவின் எச்சிலில் வரும் புரதத்தைக் கவனிக்க, செடியின் செல்லுக்குள் வாட்ச்மேன் புரதங்கள் இருக்கின்றன. ஜிபிஏ-2 என்று ஒரு வாட்ச்மேன். இவரும் அதே 1673-ல் கிடைத்தவர்தான், ஆனால் இவர் பார்ப்பது வெள்ளைத் தங்கச்சியை. அதிலும் சில கும்பலை மட்டும்தான். 2009-ல் வெளியான ஆராய்ச்சியில் தெரிந்தது என்னவென்றால், புழுவின் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், வாட்ச்மேனுக்கு ஆள் தெரியாது. சல்யூட் அடித்து உள்ளே விட்டுவிடுவார்! மீசையை எடுத்துவிட்டு வந்த மாதிரி.

பைப்பரும் தங்கச்சியும்

1673 ஜெயித்துவிட்டது, அவ்வளவுதானே, எல்லோரும் அதையே நடலாமே? நட முடியாது. மலைக்கிழங்கு பொடிசாக இருக்கும், கோணலாக இருக்கும், லேட்டாக விளையும். காட்டுக்கிழங்கு என்றால் கசக்கவும் செய்யும். சமோசாவுக்குப் போட்டால் கடைக்காரர் அடிக்க வருவார். எனவே நல்ல ரகத்தோடு கலந்து, வரும் பிள்ளைகளில் புழுவைத் தாங்குவதை மட்டும் பொறுக்கி, மறுபடி நல்ல ரகத்தோடு கலந்து... உருளைக்கு ஒவ்வொரு குரோமோசோமும் நாலு நாலு காப்பி. நமக்கு இரண்டுதான். அதனால் எந்தக் குணம் எந்தப் பிள்ளைக்குப் போகும் என்பது சுத்த லாட்டரி. ஆயிரக்கணக்கில் விதைத்து, ஒன்றிரண்டு தேறும்.

எலன்பி சொன்னது 1952-ல். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆட்கள் 'மாரிஸ் பைப்பர்' என்ற ரகத்தை வெளியிட்டது 1966-ல். 14 வருடம்! ஆனால் ரகம் சும்மா பின்னிவிட்டது. அந்த ஊர்க்காரர்களின் மீன்-சிப்ஸ் கடைக்கு ஏற்ற கிழங்கு, கூடவே தங்கப் புழுவுக்கு முழு எதிர்ப்பு. இன்றுவரை அங்கே முன்னணி ரகங்களில் ஒன்று.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டிருக்கலாம். தங்கச்சி விடவில்லை.

பைப்பரிடம் இருந்த ஹெச்-1, தங்க அக்காவை மட்டும்தான் அடையாளம் கண்டது. வெள்ளைத் தங்கச்சி அதற்குத் தெரியாது. 1960-களில் இவர்கள் இரண்டு பேரும் ஒரே இனம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாலிடாவுக்குத் தனி இனம் என்ற அந்தஸ்து கிடைத்ததே 1973-ல்தான். வயல் வயலாகப் பைப்பரை நட்டதில் அக்கா குறைந்தாள், காலியான இடத்தில் தங்கச்சி ஜம்மென்று உட்கார்ந்தாள். 1990-களின் கடைசியில் இங்கிலாந்து, வேல்ஸ் வயல்களில் கணக்கெடுத்தபோது 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட வயல்களில் நூற்புழு. அதில் பெரும்பாலானவற்றில் பாலிடா. ஒரே ஆயுதத்தை எல்லோரும் எல்லா வருடமும் எடுத்தால் எதிரி அந்த ஆயுதத்துக்கு ஏற்றமாதிரி மாறத்தானே செய்வான்? ஆன்டிபயாடிக் கதையும் இதுதான், கொசு மருந்து கதையும் இதுதான்.

தங்கச்சியை ஜெயிக்க அர்ஜென்டினாவின் காட்டுக்கிழங்கு சொலானம் வெர்னி உதவிக்கு வந்தது. இதையும் எலன்பிதான் அன்றைக்கே குறித்து வைத்திருந்தார். ஆனால் வெர்னி தரும் எதிர்ப்பு, ஹெச்-1 மாதிரி ஒரே அடியில் நாக்-அவுட் இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தருவது. ஐரோப்பாவில் ரகங்களுக்கு 1 முதல் 9 வரை மார்க் போடுகிறார்கள், 9 என்றால் முதல் ரேங்க். ஃப்ரெஞ்சு ஃப்ரை கம்பெனிகள் விரும்பும் 'இன்னோவேட்டர்' என்ற டச்சு ரகம் பாலிடாவிடம் நல்ல மார்க் வாங்கியது. அதையும் தாண்டி வளரும் பாலிடா கும்பல், 2010-களில் ஜெர்மனி-நெதர்லாந்து எல்லைப் பக்கம் தலைகாட்டிவிட்டது. ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டே இருக்கிறது.

ஜோதியா, சொர்ணாவா, நீலிமாவா?

மறுபடி நம்ம மலைக்கு வருவோம். நீலகிரியில் பிரச்னை இரட்டிப்பு. அக்கா, தங்கச்சி இரண்டு பேருமே இருக்கிறார்கள். இதில் மழைக்காலம் முழுக்கப் பின்கருகல் நோய் வேறு. அயர்லாந்தைக் காலி செய்த அதே நோய். ஆக, இங்கே ஒரு ரகம் பாஸாக வேண்டுமென்றால் மூன்று பேப்பரிலும் தேற வேண்டும்!

மலையில் அன்றைய சூப்பர் ஸ்டார் குஃப்ரி ஜோதி. 1968-ல் வந்த ரகம். கருகலைத் தாங்கியது, வெள்ளையாக லட்சணமாக இருந்தது, மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலத்துக்குப் போனால் மதிப்பு. ஆனால் நூற்புழு பேப்பரில் ஃபெயில். ஊட்டி அருகே முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. அங்கே ஜோதியையும், வெர்னி ரத்தம் கலந்த ஒரு வெளிநாட்டு வரிசையையும் சேர்த்தார்கள். 1985-ல் வந்தது 'குஃப்ரி சொர்ணா'. அக்கா, தங்கச்சி இருவருக்குமே எதிர்ப்பு! நீலகிரியில் பிறந்த நீலகிரிக்கான கிழங்கு.

ஆனால் கருகல் பேப்பரில் சொர்ணாவின் மார்க் போகப் போகக் குறைந்தது. கருகல் பூசணமும் தன் மீசையை மாற்றிக்கொண்டே இருக்கிற ஜாதி. அதனால் அடுத்த தேடல். 'குஃப்ரி நீலிமா' வந்தது 2010-ல். சொர்ணாவுக்கும் நீலிமாவுக்கும் நடுவே 25 வருடம். நீங்கள் எல்.கே.ஜி. சேர்ந்து, பி.ஹெச்டி. முடித்து, வேலைக்குப் போயிருக்கலாம்! அதற்குப் பிறகு 'குஃப்ரி சஹ்யாத்ரி'யும் வந்திருக்கிறது. இப்போது டி.என்.ஏ. அடையாளத்தை வைத்து, நாற்றாக இருக்கும்போதே எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வேரைக் கழுவி எண்ணும் வேலை பாதியாகக் குறையும்.

சரி, ரகம் இருக்கிறது, எல்லோரும் நட வேண்டியதுதானே? இங்கேதான் நாம் விவசாயி இடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அவர் கிழங்கைப் புழுவுக்கு விற்கவில்லை, மண்டிக்கு விற்கிறார். மண்டிக்காரர் பழகிய முகத்தைக் கேட்கிறார். நம் அம்மாக்கள் கடையில் 'ஊட்டிக் கிழங்கா?' என்று கேட்பார்கள், தோலைச் சுரண்டிப் பார்ப்பார்கள். 'நூற்புழு எதிர்ப்பு ரகமா?' என்று எந்த அம்மாவும் கேட்டதில்லை! புது ரகத்துக்கு விதைக்கிழங்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு கிடைக்க வேண்டும். ஒரு ஏக்கருக்கு டன் கணக்கில் விதைக்கிழங்கு தேவை. நெல் மாதிரி ஒரு மூட்டையில் வேலை முடியாது. எதிர்ப்பு ரகம் வயலுக்குப் போய்ச் சேராமல் நிற்பதற்குக் காரணம் விஞ்ஞானம் மட்டும் இல்லை என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'எதிர்ப்பு' வேறு, 'தாங்கும் சக்தி' வேறு. சில ரகங்கள் வேர் முழுக்கப் புழு இருந்தாலும் அசராமல் நல்ல விளைச்சல் கொடுக்கும். விவசாயி சந்தோஷமாக இருப்பார். ஆனால் மண்ணுக்கடியில் முட்டை பல மடங்காகப் பெருகிக்கொண்டிருக்கும், அடுத்தவர் தலையில் விடிவதற்கு. எதிர்ப்பு ரகமோ புழுவைப் பெருக விடாது, ஆனால் புழு நிறைந்த வயலில் முதல் வருடம் நட்டால் அதுவும் கொஞ்சம் அடி வாங்கத்தான் செய்யும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வேரைக் குத்தினால் யாருக்குத்தான் வலிக்காது? அதைப் பார்த்துவிட்டு 'இது சரியில்லப்பா' என்று பலர் கைவிடுவது உண்டு. இரண்டு போகம் பொறுத்தால்தான் அதன் அருமை தெரியும்.

எதிர்ப்பு ரகத்தையும் தொடர்ந்து நட்டால் பைப்பர் கதைதான் திரும்பும். ஒரு போகம் எதிர்ப்பு ரகம், அடுத்து காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு என்று மாற்றி மாற்றி வர வேண்டும். இதில் நீலகிரி விவசாயிகள் கில்லாடிகள், காரட் இன்று மலையின் பெரிய பயிர்களில் ஒன்று. வெளிநாடுகளில் 'பொறிப்பயிர்' என்றும் ஒன்று நடுகிறார்கள். சொலானம் சிசிம்பிரிஃபோலியம் என்ற முள்ளுச் செடி, நம்ம சுண்டைக்காய்க்குத் தூரத்துச் சொந்தம். புழுவை வாசனையால் கூப்பிட்டு, உள்ளே வந்ததும் வளர விடாமல் செய்யும். 2006-ல் அமெரிக்காவின் ஐடஹோவில் பாலிடா கிடைத்தபிறகு அங்கேயும் இதைச் சோதித்தார்கள். 2015-ல் முதன்முதலாகத் தங்கப் புழுவைக் கண்டுபிடித்த கென்யாவிலோ வேறு ரூட். வாழை நாரில் செய்த காகிதத்தில் விதைக்கிழங்கைச் சுற்றி நடுகிறார்கள். வேர் கசியும் வாசனையைக் காகிதம் பிடித்து வைத்துக்கொள்வதால் புழுவுக்கு அட்ரஸ் தெரியாது. 2022-ல் இந்த ஆராய்ச்சி வெளியானது. வாழை மட்டை மலிந்த நம்ம ஊர் இன்ஜினீயரிங் மாணவர்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இன்னும் டாபிக் கிடைக்கவில்லையா?

மண்ணோடு வராதீர்கள்

இதெல்லாம் நீலகிரி சமாச்சாரம்தானே என்று நினைத்தால்... கொடைக்கானல் மலையிலும் இவள் உண்டு. விதைக்கிழங்குக்குப் பேர்போன வடக்கு மலைகளிலும் வந்துவிட்டாள். ஹிமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய இடங்களிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போக 2018-ல் மத்திய அரசு தடை போட வேண்டியிருந்தது. நடக்கத் தெரியாத புழு, பறக்கத் தெரியாத புழு. ஒரு சீசனில் மண்ணுக்குள் சொந்தமாக நகர்ந்தால் ஒரு மீட்டர் தேறாது. ஊர் ஊராகப் போவதெல்லாம் நம் புண்ணியத்தில்தான். விதைக்கிழங்கு, டிராக்டர் டயர், சாக்கு மூட்டை, செருப்பு.

அதனால் அடுத்த காலேஜ் டூரில் ஊட்டி போகும்போது ஒரு சின்ன விஷயம். கேத்தி பள்ளத்தாக்கு வியூவில் குரூப் போட்டோவுக்காக உருளை வயலில் இறங்குவதாக இருந்தால் இறங்காதீர்கள். இறங்கியே ஆகவேண்டும் என்றால் வயல்காரரிடம் கேளுங்கள், ஷூவை அங்கேயே தட்டிவிட்டு பஸ் ஏறுங்கள். மலையிலிருந்து மண்ணோடு செடி பிடுங்கி வந்து வீட்டுத் தொட்டியில் வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். வில்லியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், நட்டு இரண்டு மாதமான வயலில், வயல்காரர் சம்மதத்தோடு, வாடி நிற்கும் ஒரு செடியை மெல்லத் தோண்டிப் பாருங்கள். வேகமாகப் பிடுங்கினால் உருண்டைகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். வெறும் கண்ணுக்கே தெரியும், லென்ஸ் இருந்தால் இன்னும் ஜோர். வெள்ளையா, தங்கமா என்று பார்த்து அக்காவா தங்கச்சியா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் வெள்ளையாக இருப்பது தங்கமாக மாறப்போகும் அக்காவாகவும் இருக்கலாம், அதனால் பெட் கட்டாதீர்கள்!

பி.எஸ்ஸி. அக்ரி, ஹார்ட்டிகல்ச்சர் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. எம்.எஸ்ஸி., பி.ஹெச்டி. இரண்டும் உண்டு. கூட்டம் குறைவான ஏரியா. மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காக உட்காரும் பொறுமை வேண்டும், வேர் கழுவக் கூச்சப்படக்கூடாது. ஒரு ரகம் வெளிவர 12, 14 வருடம் ஆகிறது என்பதைப் பார்த்தீர்கள். இன்றைக்குச் சேர்ந்தீர்கள் என்றால், நீங்கள் கலந்து வைக்கும் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும்போது உங்கள் பிள்ளை ஆறாம் கிளாஸ் படித்துக்கொண்டிருக்கும்.